நடுவயதுக் கப்பல்கள்: ஐரோப்பியக் கப்பல் தொழிலில் சுழற்சியும் போட்டித்திறனும்

பிரெஞ்சுக் கடற்படைக்காக ஒரே வரைபடத்தின்படி இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் கட்டப்பட்டன. கிளமான்சோ 1961இல் பணியில் சேர்ந்தது, ஃபோஷ் 1963இல். பணி முடிந்தபின் இரண்டும் வெவ்வேறு வழியில் போயின.

2005 டிசம்பர் 31 அன்று கிளமான்சோ, தூலோன் துறைமுகத்திலிருந்து குஜராத்தின் அலங் கடற்கரையை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. உடலெங்கும் கல்நார் பொதிந்த கப்பல் அது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அதிபர் ழாக் சிராக் 2006 பிப்ரவரியில் கப்பலைத் திரும்ப அழைத்தார். பிறகு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய் 2010க்குள் முழுவதுமாகப் பிரித்தார்கள். ஃபோஷ் 2000இல் பிரேசிலுக்கு விற்கப்பட்டு சாவ் பாலோ என்று பெயர் மாறியிருந்தது. 2021இல் ஒரு துருக்கி உடைப்புத் தளம் அதை வாங்கியது. வழியிலேயே, 2022 ஆகஸ்டில், துருக்கி அரசு அனுமதியைத் திரும்பப் பெற்றது. பிரேசிலுக்குத் திரும்பிய கப்பலைத் துறைமுகங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. 2023 பிப்ரவரி 3 அன்று பிரேசில் கடற்படை அதை அட்லாண்டிக்கில், சுமார் 5,000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மூழ்கடித்தது.

ஒன்றன் இரும்பு மீண்டும் உலைக்குப் போனது. மற்றதன் இரும்பு, அதன் நச்சுப் பொருள்களோடு கடலடியில் கிடக்கிறது. ஒரு கப்பல் எதனால் கட்டப்பட்டது என்பதைவிட, கடைசி ஆண்டுகளில் அது யார் கையில் இருந்தது, எந்த நாட்டுச் சட்டம் அதை எட்டியது என்பவையே அதன் முடிவைத் தீர்மானித்தன. போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களுக்கான விதிகளுக்கு வெளியே நிற்பவை. ஆனாலும் வணிகக் கப்பல்களின் கதையும் இதே தடத்தில்தான் செல்கிறது.

கேள்வி

ஐரோப்பிய ஒன்றியத்தின் கொள்கை ஆவணங்களில் இரண்டு சொற்கள் அருகருகே வருகின்றன. ஒன்று சுழற்சிப் பொருளாதாரம்: பொருளைக் குப்பையாக்காமல் பழுதுபார்த்து, மாற்றியமைத்து, கடைசியில் உருக்கி மீண்டும் பயன்படுத்துவது. மற்றொன்று போட்டித்திறன். இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ திராகி 2024 செப்டம்பரில் அளித்த அறிக்கைக்குப் பின் இந்த இரண்டாம் சொல் ஐரோப்பிய அரசியலில் ஓங்கி ஒலிக்கிறது.

கப்பல் தொழிலைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் இணைத்துப் பேசுவோரில் இரு தரப்பினர் உண்டு. சுழற்சி என்பது செலவு. ஆசியப் போட்டியாளர்கள் ஏற்காத சுமையை ஐரோப்பிய உரிமையாளர்கள் மட்டும் சுமப்பதால் சந்தையை இழக்கிறார்கள் என்பது ஒரு தரப்பு. சுழற்சியே போட்டித்திறன், தூய தொழில்நுட்பத்தில் முந்திக்கொள்பவருக்கே எதிர்காலச் சந்தை என்பது மறுதரப்பு. இரு தரப்பும் கப்பலை ஒற்றைப் பொருளாகவே பார்க்கின்றன. கப்பலுக்கோ இருபத்தைந்து முப்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. பிறப்பு, நடுவயது, முடிவு என்று அதைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஐரோப்பாவின் பிடி வெவ்வேறு அளவில் இருப்பது தெரியும். பிறப்பின் மீதான பிடி பெரும்பாலும் போய்விட்டது. முடிவைச் சட்டத்தால் பிடிக்க முயன்றார்கள். அது கைக்குள் நிற்கவில்லை. மீதமிருப்பது நடுவயது. அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டும் கை நழுவியது

ஸ்வீடனின் மால்மோ நகரில் கோக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் 1970களில் நிறுவப்பட்ட ராட்சதப் பாரந்தூக்கி ஒன்று இருந்தது. உயரம் 138 மீட்டர். தளத்தில் வணிகக் கப்பல் வேலை நின்றபின் அது பல ஆண்டுகள் நகரத்தின் அடையாளமாக வெறுமனே நின்றது. 2002இல் தென் கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் ஒரே ஒரு டாலர் விலைக்கு அதை வாங்கி, பிரித்து, உல்சானுக்குக் கொண்டுபோய் மீண்டும் நிறுத்தியது. உல்சானில் அதற்கு வழங்கும் பெயர் 'மால்மோவின் கண்ணீர்'. பொருளின் கணக்கில் பார்த்தால் இது சுழற்சிக்கு அருமையான எடுத்துக்காட்டு. பழைய பாரந்தூக்கி அழியவில்லை, வேறோரிடத்தில் உழைக்கிறது. மால்மோவின் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தந்திருக்க முடியாது. சுழற்சி நடப்பதும் அதன் பலன் ஓரிடத்தில் தங்குவதும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது.

இன்று உலகில் புதிதாகக் கட்டப்படும் கப்பல்களில், கொள்ளளவுக் கணக்குப்படி, 90 விழுக்காட்டுக்கு மேல் சீனா, தென் கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வருகின்றன. சீனாவின் பங்கு மட்டும் பாதியைத் தாண்டிவிட்டது. ஐரோப்பா தக்கவைத்திருப்பது சிக்கலான கப்பல்களை: இத்தாலியின் ஃபின்கான்தியேரி, ஜெர்மனியின் மேயர், பிரான்சின் சான் நாசேர் தளம், பின்லாந்தின் துர்கு ஆகியவை கட்டும் உல்லாசப் பயணக் கப்பல்கள், போர்க்கப்பல்கள், அகழ்வுக் கப்பல்கள். அந்தக் கோட்டையும் உறுதியானதன்று. 2024 செப்டம்பரில் மேயர் நிறுவனம் திவாலாகாமல் இருக்க ஜெர்மன் கூட்டாட்சி அரசும் நீடர்சாக்சன் மாநில அரசும் அதன் சுமார் 80 விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இயந்திர வடிவமைப்பிலும் இதே போக்குதான். பெரிய கப்பல்களின் முதன்மை இயந்திரங்களுக்கான வரைபடங்கள் பெரும்பாலும் கோபன்ஹேகனிலும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலும் உருவாகின்றன; இயந்திரங்களை உரிமத்தின்படி தயாரிப்பது பெரும்பாலும் கொரியாவும் சீனாவும். விண்டர்தூர் நிறுவனம் 2016 முதல் சீன அரசுக் கப்பல் கட்டுமான நிறுவனத்தின் முழு உடைமை.

கொடி மாறும் கடைசிப் பயணம்

உலக வணிகக் கப்பல் தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஐரோப்பிய உரிமையாளர்களின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கட்டுவதில் தோற்றாலும் உடைமையில் ஐரோப்பா பெரும் சக்திதான்; கிரேக்க உரிமையாளர்கள் தனியாகவே உலகின் முதல் வரிசையில் நிற்பவர்கள். இந்த வலிமையை நம்பித்தான் 2013இல் கப்பல் மறுசுழற்சி ஒழுங்குமுறையை ஒன்றியம் இயற்றியது. 2018 டிசம்பர் 31 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியக் கொடி பறக்கும் கப்பலை ஒன்றியத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள தளத்தில் மட்டுமே உடைக்கலாம். தளத்தின் தரை நச்சு நீரைக் கீழே விடக்கூடாது. வேலை கட்டப்பட்ட அமைப்புகளுக்குள் நடக்க வேண்டும். அலை ஏற்றத்தில் கப்பலை மணலில் ஓட்டி ஏற்றி, இறக்கத்தில் வெட்டும் தெற்காசிய முறை இந்த நிபந்தனைகளுக்குள் அடங்குவது கடினம்.

ஓட்டை கொடியிலேயே இருந்தது. கப்பலின் தேசியம் கொடியால் தீர்மானிக்கப்படுகிறது, கொடியை மாற்றச் சில நாள்கள் போதும். உடைப்புக்கு முன் இடைத்தரகர் ஒருவர் ரொக்கம் கொடுத்துக் கப்பலை வாங்கிக்கொள்வார். கப்பலுக்குப் புதுப் பெயர் வைக்கப்படும். கொமோரோஸ், பலாவு, செயின்ட் கிட்ஸ் நெவிஸ் போன்ற ஒரு கொடி ஏறும். பல ஆண்டுகள் ஐரோப்பிய நிறுவனத்துக்கு உழைத்த கப்பல், கடைசிப் பயணத்தில் ஐரோப்பாவோடு சட்டத் தொடர்பே இல்லாத கப்பலாகிவிடும். இதற்கான தூண்டுதல் எளிது. கப்பலை அதன் வெற்று எடையில் டன் கணக்கில்தான் விற்கிறார்கள். தெற்காசியத் தளம் தரும் விலை, அங்கீகாரப் பட்டியலிலுள்ள துருக்கித் தளத்தின் விலையைவிடப் பெரும்பாலும் கணிசமாக அதிகம். பெரிய கப்பலொன்றில் அந்த வேறுபாடு பல லட்சம் டாலர்.

பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட கப்பல் உடைப்புக் கண்காணிப்புக் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024இல் உடைப்புக்கு விற்கப்பட்ட 409 கப்பல்களில் 255 வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான் கடற்கரைகளுக்குப் போயின. பெரிய கப்பல்கள் அங்கேதான் போகின்றன என்பதால் எடைக் கணக்கில் அவற்றின் பங்கு இன்னும் கூடுதல்.

நீதிமன்றங்கள் சில வேளை கொடியின் திரையை விலக்கிப் பார்த்திருக்கின்றன. ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து 2012இல் புறப்பட்ட நான்கு குளிர்பதனக் கப்பல்களை, உடைப்பதற்கென்றே அனுப்பினார்கள் என்று கண்ட ராட்டர்டாமின் முதல்நிலை நீதிமன்றம், 2018 மார்ச்சில் ஒரு டச்சு நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது. கழிவு ஏற்றுமதிச் சட்டம்தான் அங்கே கைகொடுத்தது. ஆனால் கப்பல் எப்போது 'கழிவு' ஆகிறது? உரிமையாளர் மனத்தில் உடைக்கும் முடிவு தோன்றிய கணத்தில். அந்தக் கணத்தை ஆவணங்களால் நிறுவுவது அபூர்வமாகவே முடிகிறது.

கப்பல் மறுசுழற்சிக்கென 2009இல் உருவான ஹாங்காங் உடன்படிக்கை பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூனில் வங்கதேசமும் லைபீரியாவும் இணைந்ததால்தான் அதற்குத் தேவையான நிபந்தனைகள் நிறைவேறின. இந்தியா 2019இலேயே இணைந்து தனிச்சட்டமும் இயற்றியிருந்தது. உலகம் முழுமைக்கும் ஒரே அளவுகோல் என்பது இதன் பலம். கரையேற்றி உடைப்பதை இது தடைசெய்யவில்லை என்பது கண்காணிப்பு அமைப்புகள் தொடர்ந்து சுட்டும் பலவீனம். அபாயக் கழிவை வளரும் நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் பாசல் திருத்தமோ 2019 டிசம்பர் முதல் தனியே நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் ஒரே கப்பலைப் பற்றி இரு வேறு விடைகளைத் தரக்கூடும். அந்த முரண் இன்னும் தீர்க்கப்படவில்லை.

எஃகு எங்கே போகிறது

இங்கே ஐரோப்பிய விவாதத்தில் அடிக்கடி கடந்து செல்லப்படும் ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அலங் கடற்கரையில் வெட்டப்படும் தகடுகளில் பெரும்பகுதி உருக்கப்படுவதில்லை. அருகிலுள்ள உருட்டாலைகளில் சூடேற்றி, நேரடியாகக் கட்டுமானக் கம்பியாக உருட்டுகிறார்கள். உருக்குவதைவிட இதற்கு ஆற்றல் குறைவு. அலங் செல்லும் சாலையின் இருமருங்கிலும் நீண்டு கிடக்கும் கடைகளில் கப்பலின் மேசை, நாற்காலி, சமையலறைப் பாத்திரம், மின்னாக்கி, கயிறு எல்லாம் விற்பனைக்கு வருகின்றன. மறுபயன்பாடு மறுசுழற்சியைவிட மேலானது என்பது சுழற்சிப் பொருளாதாரத்தின் அடிப்படை விதி. அந்த விதியை மட்டும் வைத்து அளந்தால், எல்லாவற்றையும் வெட்டி உலைக்கு அனுப்பும் ஐரோப்பியத் தளத்தைவிட அலங் மேலே நிற்கும்.

அளவுகோலில் மனித உயிரைச் சேர்த்தால் படம் மாறுகிறது. 2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானியில் ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்துக் குறைந்தது 26 தொழிலாளர்கள் இறந்தார்கள். அலங்கில் வெட்டுக் கருவி பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கல்நார் நோய் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஊரில் தெரியவரும்போது எந்தத் தளத்தின் கணக்கிலும் அது ஏறுவதில்லை. தெற்காசியத் தளம் தரும் உயர்ந்த விலையின் ஒரு பகுதி, உருட்டுத் தகட்டுக்கு அங்கே இருக்கும் உண்மையான தேவையிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி, செலுத்தப்படாத பாதுகாப்புச் செலவிலிருந்து வருகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்த வாதமும், அது பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தாலும் டாக்காவிலிருந்து வந்தாலும், அரைகுறையே. தன் தளங்களை மேம்படுத்திய அலங், ஐரோப்பியப் பட்டியலில் இடம் கேட்டுப் பல ஆண்டுகளாக விண்ணப்பித்து வருவதையும் இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும்.

இப்போது ஐரோப்பாவின் பார்வையில் பழைய இரும்பின் மதிப்பு கூடிவருகிறது. நிலக்கரியும் தாதுவும் கொண்டு ஊது உலையில் ஒரு டன் எஃகு செய்ய 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் ஒரு டன்னுக்கும் கீழே. எஃகுத் தொழிலைக் கார்பன் குறைவானதாக மாற்ற நினைக்கும் கண்டத்துக்கு, நல்ல தரமான, கலப்பு தெரிந்த பழைய இரும்பு ஒரு மூலப்பொருள். அதே கண்டம் ஒவ்வோர் ஆண்டும் கோடி டன்னுக்கு மேல் பழைய இரும்பை வெளியே விற்கிறது. வாங்குவோரில் முதலிடம் துருக்கிக்கு. ஏஜியன் கரையிலுள்ள அலியாகாவில் உடைப்புத் தளங்களும் மின்வில் உலைகளும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். ஹெல்சிங்கியில் கட்டப்பட்டு 1990இல் பயணம் தொடங்கிய கார்னிவல் ஃபேன்டசி, பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் அங்கேதான் வெட்டப்பட்டது.

தரத்தைப் பற்றி ஒரு சொல். கப்பல் தகடு சாதாரண எஃகு அன்று. கப்பல் தரத்துக்குச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கத்தின் ஆய்வாளர் முத்திரையிட்ட, வேதிக் கலப்பு பதிவான எஃகு. உடைக்கும்போது அந்தத் தகவல் தொலைந்துவிடுகிறது. செம்புக் கம்பியும் பிற உலோகமும் கலந்த குவியலாக உலைக்குப் போனால் கம்பி செய்யத்தான் பயன்படும். மீண்டும் கப்பல் தகடாக முடியாது. மெர்ஸ்க் நிறுவனம் 2013 முதல் இறக்கிய டிரிப்பிள் ஈ வகைச் சரக்குப் பெட்டகக் கப்பல்களுக்கு 'பொருள் கடவுச்சீட்டு' ஒன்றைத் தயாரித்தது இதனால்தான். ஒவ்வொன்றிலும் சுமார் 60,000 டன் எஃகு. எந்தத் தகடு, எந்தக் கம்பி, எங்கே என்று எடையில் ஏறத்தாழ 95 விழுக்காட்டுப் பொருள்கள் பதிவாயின. கப்பல்களைக் கட்டியது கொரியாவின் டேவூ. கடவுச்சீட்டைக் கேட்டது டேனிஷ் உரிமையாளர். கட்டும் திறன் இல்லாவிட்டாலும் விவரத்தைக் கேட்கும் உரிமை வாங்குபவரிடம் இருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் விருப்பமாகவே நின்றது. ஒன்றியம் கட்டாயமாக்கிய பட்டியல் நச்சுப் பொருள்களை மட்டும் கணக்கிடுகிறது. நல்ல பொருளைக் கணக்கிடுவதில்லை.

பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குதல்

பழைய கப்பலையும் புதிய கப்பலையும் ஒரே முடிச்சில் கட்டும் யோசனை புதிதன்று. மந்தநிலைக் காலத்தில் ஜப்பான் 1932இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: 4 லட்சம் டன் பழைய கப்பல்களை உடைத்து 2 லட்சம் டன் புதியவை கட்டுவது. பிரிட்டன் 1935இல் அதே வழியில் சட்டமியற்றி, இரண்டு டன் உடைப்பவருக்கு ஒரு டன் கட்டக் கடன் தந்தது. பிரிட்டிஷ் உரிமையாளர்களோ வெளிநாட்டுப் பழங்கப்பல்களை மலிவாக வாங்கி உடைத்துக் கணக்குக் காட்டினார்கள். எதை உடைத்தால் உதவி என்பதை இறுக்கமாக வரையறுக்காத திட்டம் எப்படிக் கசியும் என்பதற்கு அது பாடம்.

சீனா அந்தப் பாடத்தைக் கற்றிருந்தது. 2013இல் அறிவித்த திட்டத்தில், சீனக் கொடிக் கப்பலைக் காலத்துக்கு முன்பே ஓய்வுபெறச் செய்து, சீனத் தளத்தில் உடைத்து, சீனத் தளத்திலேயே புதியது கட்டுபவருக்கு மொத்தக் கொள்ளளவின் ஒவ்வொரு டன்னுக்கும் 1,500 யுவான் அடிப்படை மானியம். பாதி உடைத்தபின், பாதி கட்டியபின். கொடி, உடைப்பு, கட்டுமானம் மூன்றும் ஒரே நாட்டுக்குள் பூட்டப்பட்டன. இந்தியா 2025 பட்ஜெட்டில் அறிவித்து அதே ஆண்டு செப்டம்பரில் அமைச்சரவை ஏற்ற 69,725 கோடி ரூபாய் கப்பல் தொகுப்பில் இதன் உறவினர் ஒன்று இருக்கிறது: இந்தியத் தளத்தில் கப்பலை உடைப்பவருக்கு, உடைப்பு மதிப்பில் 40 விழுக்காட்டுக்கு ஒரு வரவுச் சீட்டு, அதை இந்தியாவில் புதுக் கப்பல் கட்டும்போது மட்டுமே பயன்படுத்தலாம். அலங்கில் உடைவது கொச்சியிலோ, நாளை தூத்துக்குடியில் வரவிருக்கும் தளத்திலோ புதிதாகக் கட்டப்பட வேண்டும் என்பது இதன் எண்ணம்.

ஐரோப்பாவிடம் இதற்கு இணையான கருவி இல்லை. கப்பல் கட்டுமானத்துக்கான ஒப்பந்த மானியங்களை ஒன்றியம் 2000ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டது. கொரியாவுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பு ஏற்பாடும் 2005இல் முடிந்தது. ஒரு மாற்று அதன் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து போனது. 2013 ஏப்ரலில், ஐரோப்பியத் துறைமுகத்துக்கு வரும் எல்லாக் கப்பல்களிடமும், கொடி எதுவானாலும், ஒரு கட்டணம் வாங்கி மறுசுழற்சி நிதி திரட்டலாம் என்ற யோசனையை ஸ்வீடனின் பசுமைக் கட்சி உறுப்பினர் கார்ல் ஷ்லைட்டர் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் முன்னெடுத்தார். துறைமுகங்களும் கப்பல் உரிமையாளர்களும் எதிர்த்தார்கள். மிகச் சிறிய வாக்கு வித்தியாசத்தில் அது தோற்றது. 2016இல் ஐரோப்பிய ஆணையத்துக்காக ஈகோரிஸ் முதலிய ஆய்வு நிறுவனங்கள் அளித்த அறிக்கை அதையே செம்மைப்படுத்தி 'கப்பல் மறுசுழற்சி உரிமம்' என்று பரிந்துரைத்தது. கப்பல் துறைமுகத்துக்கு வரவேண்டுமானால் உரிமம் வேண்டும். உரிமத் தொகை கப்பலின் பெயரில் சேரும். முறையான தளத்தில் உடைத்தால் கடைசி உரிமையாளருக்குத் திரும்பும். கொடி மாறினாலும் பணம் கப்பலோடு ஒட்டியே இருக்கும். கொடி ஓட்டைக்கு இதுவரை சொல்லப்பட்ட மருந்துகளில் இதுவே சிறந்தது. அந்த அறிக்கை கோப்பில் கிடக்கிறது.

இந்த யோசனை சிறு அளவில் நடைமுறையில் வெற்றி பெற்றும் இருக்கிறது. பிரான்சில் உல்லாசப் படகுகளுக்கு 2019 முதல் உற்பத்தியாளர் பொறுப்பு முறை உண்டு. புதுப் படகு விற்கும்போது சேர்க்கும் தொகையும் படகு வரியின் ஒரு பங்கும் சேர்ந்து, கரையோரம் அழுகிக் கிடக்கும் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டணமின்றிப் பிரிக்க உதவுகின்றன. படகுக்கு முடிந்தது கப்பலுக்கு முடியாது என்பவர்கள் அளவை மட்டுமே காரணம் காட்ட முடியும்.

நடுவயது

ஸ்டெனா ஜெர்மனிகா என்ற பயணிகள் கப்பல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்குக்கும் ஜெர்மனியின் கீலுக்கும் இடையே ஓடுகிறது. 2001இல் ஸ்பெயினில், வேறு பெயரில் கட்டப்பட்டது. 2007இல் ஜெர்மனியின் பிரேமர்ஹாவனில் உடலை நடுவே வெட்டிப் பிளந்து புதுப் பகுதி நுழைத்து 240 மீட்டராக நீட்டினார்கள். 2015இல் போலந்தின் கதான்ஸ்க்கிலுள்ள ரெமோன்டோவா தளத்தில், பின்லாந்தின் வார்ட்சிலா தொழில்நுட்பத்தால், அதன் இயந்திரங்கள் மெத்தனாலில் ஓடும்படி மாற்றப்பட்டன. உலகின் முதல் மெத்தனால் பயணிகள் கப்பல் அதுவே. செலவின் ஒரு பகுதியை ஒன்றியம் ஏற்றது. நான்கு நாடுகளின் திறன், ஒரே உடல், புதிய எரிபொருள். புதுக் கப்பலுக்குத் தேவைப்பட்டிருக்கும் ஆயிரக்கணக்கான டன் எஃகு மிச்சம். சுழற்சியும் போட்டித்திறனும் ஒன்றாக வேலை செய்தால் எப்படியிருக்கும் என்று கேட்பவருக்கு இந்தக் கப்பலைக் காட்டலாம்.

இத்தாலியின் பலெர்மோ தளத்திலும் இவ்வேலை நடக்கிறது. 2009இல் அன்கோனாவில் கட்டிய சில்வர் ஸ்பிரிட் உல்லாசக் கப்பலை 2018இல் அங்கே 15 மீட்டர் நீட்டினார்கள். காற்றின் உதவியைக் கப்பலுக்குத் திரும்பக் கொண்டுவரும் சுழலும் உருளைத் தூண்கள் பின்லாந்தில் மறுபிறவி எடுத்தன. ஆன்டன் ஃப்ளெட்னர் 1924இல் கீலில் ஒரு பாய்மரக் கப்பலை மாற்றியமைத்துத்தான் அவற்றை முதலில் சோதித்தார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நோர்ஸ்பவர் நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களில் அவற்றைப் பொருத்தத் தொடங்கியது. இத்தகைய மாற்றியமைப்பு வேலையில் புதுக் கப்பல் கட்டுவதைவிட எஃகின் பங்கு குறைவு, பொறியியலின் பங்கு அதிகம். கூலி உயர்ந்த நாட்டுக்கு ஏற்ற விகிதம் அது.

ஆனால் இங்கேயும் தரை வழுக்குகிறது. 2024இல் மெர்ஸ்க் ஹாலிஃபாக்ஸ் என்ற, சுமார் 15,000 பெட்டகம் ஏற்றும் கப்பல் மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது. இயந்திர மாற்றத்தின் வடிவமைப்பு ஐரோப்பியம், உரிமையாளர் ஐரோப்பியர், வேலை நடந்த இடம் சீனாவின் சோஷான். உடலை 15 மீட்டர் நீட்டி எல்லாம் முடிக்க மூன்று மாதத்துக்கும் குறைவாகவே ஆனது. நோர்ஸ்பவரும் 2024இல் தன் தொழிற்சாலையைச் சீனாவின் தாஃபெங்கில் திறந்தது, புதுக் கப்பல்கள் கட்டப்படும் இடத்துக்கு அருகே. பிறப்பைக் கொண்டுபோன அதே காரணங்கள், அதாவது பெரிய உலர்துறை, அருகிலேயே எஃகு, குறித்த நாளில் முடிக்கும் ஆள்பலம் ஆகியவை, நடுவயதையும் இழுக்கின்றன.

துறைமுகத்தின் பிடி

ஐரோப்பாவிடம் மீந்திருக்கும் பெரிய பிடி சந்தைதான். அதன் துறைமுகத்துக்கு வராமல் உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் எளிதில் பிழைக்க முடியாது. இந்தப் பிடியை ஒன்றியம் எரிபொருள் விஷயத்தில் ஏற்கெனவே பயன்படுத்துகிறது. 2024 முதல் 5,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள், எந்தக் கொடியானாலும், உமிழ்வு வணிகத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. 2025 முதல் எரிபொருளின் கார்பன் அளவை 2 விழுக்காடு குறைக்க வேண்டும். 2050இல் 80 விழுக்காடு. கொடியின் ஓட்டை இங்கே இல்லை, ஏனெனில் அளவுகோல் கொடியில் இல்லாமல் வருகையில் இருக்கிறது. 2013இல் நாடாளுமன்றம் நிராகரித்த கொள்கையே வேறொரு கதவு வழியாக வந்துவிட்டது. அதை மறுசுழற்சிக்கு நீட்டிக்க இனிச் சட்ட நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குறை, இந்த விதிகள் எரிபொருளை மட்டுமே பார்ப்பதில் இருக்கிறது. கப்பலின் உடலில் உறைந்திருக்கும் எஃகின் கார்பன் எந்தக் கணக்கிலும் இல்லை. எல்லைக் கார்பன் கட்டணம் இறக்குமதி எஃகுக்கு உண்டு. அதே எஃகால் ஆசியாவில் கட்டி முடித்த கப்பலுக்கு இல்லை. எனவே ஐரோப்பியத் தளம் வெளியிலிருந்து வாங்கும் தகட்டின் விலை கூடுகிறது. போட்டித் தளத்தின் கப்பல் தொடப்படாமல் தப்புகிறது. பழைய உடலைக் காப்பாற்றி இயந்திரத்தை மட்டும் மாற்றும் உரிமையாளருக்கு, மிச்சமான எஃகுக்காக ஒரு புள்ளியும் கிடைப்பதில்லை. நடுவயது வேலையை ஐரோப்பாவில் தக்கவைக்க வேண்டுமானால் திருத்தம் தொடங்க வேண்டிய இடம் இது: உடலை நீட்டித்து வைத்திருப்பதற்கு ஒரு மதிப்பு, அந்த வேலைக்கு உலர்துறைக் கடன், முடிவில் கப்பலோடு ஒட்டிய உரிமத் தொகை. மூன்றும் ஒரே கப்பலின் கணக்கில் சேர வேண்டும்.

இதற்குத் தேவையான நிர்வாக அமைப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வகைப்பாட்டுச் சங்கத்தின் சிறப்பு ஆய்வுக்காக ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாக் கப்பல்களும் உலர்துறை ஏறியாக வேண்டும். தகட்டின் தடிமன் அப்போது அளக்கப்படுகிறது. நச்சுப் பொருள் பட்டியல் அப்போது சரிபார்க்கப்படுகிறது. பொருள் கடவுச்சீட்டும் மாற்றியமைப்புத் திட்டமும் அதே நாளில் அதே ஆய்வாளரின் முன் திறக்கப்படலாம்.

உலகக் கப்பல் உரிமையாளர் அமைப்பான பிம்கோ, 2032 வரையிலான பத்தாண்டுகளில் 15,000க்கு மேற்பட்ட கப்பல்கள் உடைப்புக்குப் போகும் என்று மதிப்பிட்டிருக்கிறது. முந்தைய பத்தாண்டுகளின் இருமடங்குக்கு மேல். இந்த ஆண்டு நீரில் இறங்கும் கப்பலோ 2050இல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 80 விழுக்காட்டு விதி அதையும் பிடிக்கும். இடையில் ஒருமுறையாவது அது எரிபொருள் மாற்றத்துக்காக ஏதோ ஓர் உலர்துறையில் ஏறியே தீரும். அந்த உலர்துறை கதான்ஸ்க்கிலா, பலெர்மோவிலா, சோஷானிலா என்பதைத் தீர்மானிக்கும் முதலீடுகள் இந்தப் பத்தாண்டிலேயே செய்யப்படுகின்றன. சோஷானில் அவை செய்யப்பட்டுவிட்டன.